படபடப்பு என்று ஒரு பெண் சொன்னால் முதலில் ஈசிஜி எடுங்கள்

சென்ற வாரம், முப்பது வயதைத் தாண்டியிராத சித்தாள் ஒருவரை வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுபோன நிலையில் தூக்கி வந்தார்கள். அவருடைய மஞ்சள் பையில் இருந்த பழைய சீட்டுகளில் இரும்புச்சத்து மாத்திரை, கேஸ் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் எழுதப்பட்டிருந்தன. ஓர் ஈசிஜி மட்டும் எடுக்கப்படவே இல்லை. சிறு வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலால், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கி, இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடித்து, அங்கே உறைந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போயிருந்தது. இப்படிப்பட்டவர்கள் வந்துகொண்டே இருப்பதால்தான் எழுதுகிறேன்.

பெண்ணுக்குப் படபடப்பு என்றால் அது மனக்கவலைதான் என்ற எண்ணம் வீட்டிலும் இருக்கிறது. வருத்தத்துடன் சொல்கிறேன், மருத்துவர்களாகிய நம்மிடமும் இருக்கிறது. மனக்கவலையில் துடிப்பு பெரும்பாலும் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். எஸ்விடி என்று நாங்கள் சொல்லும் கோளாறிலோ, அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே சுவிட்ச் போட்டதுபோல் நிமிடத்துக்கு 150-க்கு மேல், சிலருக்கு 200-ஐயும் தாண்டி எகிறி, அதேபோல் சட்டென்று நிற்கும். கழுத்தில் படபடவென்று அடிக்கும், நின்ற பிறகு சிலருக்குச் சிறுநீர் நிறையப் போகும். இதயம் அந்த வேகத்தில் ஓடினால் யாருக்கும் பயம் வரும். அந்தப் பயத்தையே நோயென்று எழுதிவிடுகிறோம். எஸ்விடியின் மிகப் பொதுவான வகை ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. துடிப்பு அடங்கிய பின் எடுக்கும் ஈசிஜி பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். அதைக் காட்டி "ஒன்றுமில்லை" என்று அனுப்புவது தவறு. இதயத்தில் கோளாறான மின்பாதையைக் குழாய் வழியாகச் சுட்டு அடைக்கும் அப்லேஷன் சிகிச்சையில் பெரும்பாலானோருக்கு முற்றிலும் குணமாகிவிடும் நோய்க்கு ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் தூக்க மாத்திரை சாப்பிடுவதை எப்படி ஏற்பது?

நெரிசலான வீடுகளில் தொண்டைப்புண் கிருமி எளிதில் பரவுவதால் ருமாட்டிக் வால்வு நோய் ஏழைகளையே அதிகம் தாக்குகிறது. அவர்களிலும் மைட்ரல் சுருக்கம் பெண்களுக்கே அதிகம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிற இவர்களுக்கு, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதைப் பார்க்க வருகிற நாளின் கூலி போய்விடும் என்பதால், வீட்டில் கை இறுகும்போது முதலில் நிற்பது அந்த மாத்திரைதான். பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைக்கு மாற்றலாமே என்று கேட்கும் இளம் மருத்துவர்களுக்கு: 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் நோயாளிகளிடம் ரிவராக்சபான் என்ற அந்தப் புதிய மாத்திரையைவிட வார்ஃபரின் வகை மருந்தில்தான் இறப்பு குறைவாக இருந்தது.

படபடப்பு வந்தால், அது அடங்குவதற்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துவிடுங்கள். அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் மீண்டும் வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடச் சொன்ன பென்சிலின் ஊசியை, வலிக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். கருத்தரிக்க நினைத்தாலோ நாள் தள்ளிப்போனாலோ அன்றைக்கே வந்து சொல்லுங்கள், ஏனெனில் முதல் மூன்று மாதங்களில் வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடும். வீட்டிலுள்ள ஆண்களிடம் ஒரு வேண்டுகோள்: பரிசோதனை நாளில் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவரை அனுப்பிவையுங்கள்.