எத்தனை டிகிரியில் வைத்தால் நல்லது, டாக்டர்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களில் இந்த மாதம் அவன் நான்காவது ஆள். இருபது வயது. திருமங்கலம் பக்கத்திலிருந்து அம்மாவோடு வந்திருந்தான். மூன்று வாரமாக வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது. "சிகரெட் உண்டா தம்பி?" என்றேன். "இல்லை சார்" என்றான். அம்மாவைச் சற்று வெளியே உட்காரச் சொன்னேன். கதவு சாத்தியதும் பையிலிருந்து ஒரு மின்சிகரெட்டை எடுத்து மேசையில் வைத்தான். சின்னத் திரையில் 230 என்று ஒளிர்ந்தது. "260-இல் வைத்திருந்தேன் சார். இருமல் வந்ததும் குறைத்துவிட்டேன். இன்னும் குறைக்கட்டுமா?"

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: புகைப்பழக்கம் உண்டா என்று மட்டும் கேட்டால் இந்தப் பிள்ளைகள் இல்லை என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, அவர்கள் கணக்கில் இது புகையே இல்லை. மின்சிகரெட் இழுப்பதை வேப் என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லித் தனியாகக் கேளுங்கள்.

புகை இல்லை, வெறும் ஆவிதான் என்கிறார்கள். இந்த 'ஆவி' என்ற சொல்தான் எனக்குப் பெரிய எதிரி. சளி பிடித்தால் போர்வையைப் போர்த்தி ஆவி பிடித்து வளர்ந்தவர்கள் நாம். இட்லிச் சட்டியில் எழுவதும் ஆவி, கண்ணாடியில் படிவதும் ஆவி. ஆவி என்றால் நல்லது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. ஒரு தாய் என்னிடமே, "தண்ணீர் ஆவிதானே சார், சளிக்கு நல்லது என்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா, அது தண்ணீர் ஆவியே அல்ல. அந்தத் திரவத்தில் பெரும்பங்கு கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால். அவற்றோடு நிகோடினும் வாசனைப் பொருளும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். புரொப்பிலீன் கிளைக்காலுக்கு 188, கிளிசரினுக்கு 290. மேகம் போல வெளியே வருவது இவற்றின் மிக நுண்ணிய துளிகள். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ப் படியக்கூடிய அளவு சிறியவை.

கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானால் என்ன ஆகும் என்று உங்கள் மூக்குக்கு ஏற்கெனவே தெரியும். அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை மறந்துவிட்டால் கண் எரிந்து தொண்டை கமறுகிறதல்லவா? அந்தக் கமறலுக்கு முக்கியக் காரணம் அக்ரோலீன் என்ற எரிச்சலூட்டும் வேதிப்பொருள். எண்ணெயில் இருக்கும் கிளிசரால் சிதைந்தும் அது பிறக்கிறது. மின்சிகரெட்டில் இருக்கும் கிளிசரின் அதே பொருள்தான். கூடவே ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருளும் உருவாகிறது.

"அதனால்தானே சார் சூட்டைக் குறைக்கிறேன், உள்ளே சென்சார் இருக்கிறது" என்றான். பாலிடெக்னிக் மாணவன். சென்சாரைக் காட்டு என்றேன். காட்ட முடியவில்லை, ஏனென்றால் இந்த வகைக் கருவிகளில் தனியாக வெப்பமானி கிடையாது. திரவத்தைச் சூடாக்குவது ஒரு கம்பிச்சுருள், அதைக் 'காயில்' என்பார்கள். சூடாகும்போது அந்தக் கம்பியின் மின்தடை கூடும். அதை வைத்து வெப்பத்தைக் கருவி கணக்கிடுகிறது. நிக்கல், டைட்டேனியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளில்தான் அந்தக் கணக்கு ஓடும். கந்தால் என்ற உலோகக் கலவைக் கம்பியில் மின்தடை ஏறக்குறைய மாறாது, அதில் இந்த அமைப்பு வேலை செய்யாது. எந்தக் கம்பி என்று தவறாகத் தேர்ந்தெடுத்தால் எண்ணும் தவறு. சூடான காயில் சுருள் ஆறுவதற்குள் புதிதாகப் பொருத்தியதாகப் பதிவு செய்தாலோ, சூடான கம்பியையே குளிர்ந்தது என்று கருவி எடுத்துக்கொள்ளும். பிறகு 230 என்று காட்டும்போது உண்மையான சூடு அதைத் தாண்டியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த எண் முழுக் கம்பியின் சராசரி. ஓரிடத்தில் சூடு அதைவிட ஏறியிருக்கலாம். அவன் காயிலைக் கழற்றச் சொல்லி, உள்ளே திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சை இடுக்கியால் இழுத்தேன். ஓரமெல்லாம் வெள்ளை, நடுவில் மட்டும் அகல்விளக்கில் எண்ணெய் வற்றிய திரி போலக் கருகியிருந்தது. அவன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சூட்டைக் குறைத்தால் சிதைவு குறையும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கூடவே உள்ளே போகும் நிகோடினும் குறையும், அப்போது மூளை சும்மா இருக்காது. இன்னும் ஆழமாக, இன்னும் அடிக்கடி இழுக்க வைக்கும். அந்த வாசனைப் பொருட்களோ உண்பதற்கென்று வந்தவை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது நுரையீரலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று யார் சொன்னது?

2019-இல் அமெரிக்காவில் வேப் பழக்கத்தால் நுரையீரல் பாதித்துக் கூட்டம் கூட்டமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர்; 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்துள்ள திரவங்களில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் அதில் முக்கியமாகச் சிக்கியது. புட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று இழுத்தவர்களுக்குத் தெரியாது. இங்கே நிலைமை இன்னும் மோசம். 2019-இலேயே இந்தியாவில் மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டன. விற்பவருக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே மாட்டுத்தாவணிப் பக்கம் கைமாறும் புட்டியை எந்த ஆய்வகமும் சோதித்ததில்லை.

இருமலோடு காய்ச்சல், வாந்தி, மூச்சுத்திணறல் என்று வந்தால் அன்றைக்கே வாருங்கள். வேப் இழுத்ததை மறைக்காதீர்கள். திரவப் புட்டியைக் குழந்தை எடுத்துக் குடித்தால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் வைக்காதீர்கள். தனி பேட்டரியைச் சாவி, சில்லறையோடு பையில் போட்டால் மின்கசிவாகித் தீப்பிடித்துத் தொடை வெந்துபோகலாம். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைப்பதும் கூடாது. இதை விட்டுவிட்டுச் சிகரெட்டுக்குப் போய்விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நிகோடின் சூயிங்கம், மாத்திரை, ஆலோசனை எல்லாம் இருக்கின்றன. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட உதவுகிறார்கள்.

"அம்மாவிடம் நானே சொல்கிறேன் சார், நீங்கள் சொல்ல வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டான். சரி என்றேன். அடுத்த புதன்கிழமை இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.