ஊற்றாத தண்ணீர் பாத்ரூமில் பொங்குவது எப்படி?

“மழை விட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு. வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. ஆனாலும் கீழ்வீட்டு பாத்ரூமில் கறுப்புத் தண்ணீர் பொங்குகிறதே, ஏன்?” ஐப்பசி பிறந்தால் சென்னை வாசகர்கள் கேட்கும் கேள்வி இது.

சென்னையில் மழைநீர் வடிகால் வேறு, பாதாளச் சாக்கடை வேறு. சாக்கடைக் குழாயின் அளவு வீட்டுக் கழிவுநீரை மட்டுமே கணக்கில் கொண்டது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் தண்ணீர். மாடிக் குழாயை அப்படியே சேம்பரில், அதாவது வீட்டுச் சாக்கடைக் குழாய்கள் வந்து சேரும் மூடியிட்ட தொட்டியில், இறக்கிவிடுகிறோம். தெருவில் தேங்கியது வடியட்டும் என்று மேன்ஹோல் மூடியையும் திறந்துவிடுகிறோம். குழாய் நிரம்பாமல் என்ன செய்யும்? இணைந்த பாத்திரங்களில் நீர்மட்டம் சமமாக நிற்கும் என்பது பள்ளிப்பாடம். பாத்ரூம் தரை தெரு மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்வாக இருந்தால், மேன்ஹோலுக்கு முன்பே பாத்ரூம் வழியும்.

பொங்குவதற்கு முன் ‘களக் களக்’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கூர்ந்து கேளுங்கள். பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் வாயான நஹானி டிராப்பின் ஜல்லடையைத் தூக்கினால் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயுவையும் கரப்பானையும் தடுக்கிற கதவு அந்தத் தண்ணீர்தான். வளைந்த குழாயில் நீரைத் தேக்கும் இந்த உத்திக்கு அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் காப்புரிமை பெற்றார். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத கதவு! ஆனால் அதன் பலம் சிறிது. இந்தத் தண்ணீர்ப் பூட்டின் ஆழம் பொதுவாக 5 செ.மீ. காற்று அழுத்தும்போது ஒரு பக்கம் 5 செ.மீ. இறங்கும், மறுபக்கம் 5 செ.மீ. ஏறும். ஆக, 10 செ.மீ. நீருயர அழுத்தம் வரைதான் தாங்கும். வளிமண்டல அழுத்தத்தில் அது நூறில் ஒரு பங்கு. டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 10 செ.மீ. ஆழம் விட்டு ஊதிப் பாருங்கள், அவ்வளவே. தெருக் குழாயில் நீர் ஏறும்போது நடுவில் சிக்கிய காற்று இந்தப் பூட்டை உடைத்துக் குமிழியாக வெளியேறுகிறது. அதுதான் அந்தக் களக். அடுத்து வரப்போவது தண்ணீர்.

உடனே தெருவோரக் கடைசி சேம்பரைத் திறந்து பாருங்கள். விளிம்பு வரை நின்றால் அடைப்பு உங்களுடையதல்ல, எவ்வளவு குத்தினாலும் பயனில்லை. மாடி வீட்டாரிடம் குழாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் ஊற்றுவது உங்கள் தரையில்தான் வரும். நஹானி மேல் ஈரத்துணி மடித்து, 5 கிலோ மணல் மூட்டையை வையுங்கள். 10 செ.மீ. அகல ஓட்டையில் 30 செ.மீ. நீருயரம் மேலே தள்ளும் விசை இரண்டரைக் கிலோ எடைக்கும் குறைவு. அடுத்த தாழ்வான வாய் கழிப்பறைக் கோப்பை. அதற்கும் ஒரு மூட்டை வேண்டும்.

கடைசி சேம்பர் காலியாக இருந்து முந்தைய சேம்பர் நிரம்பியிருந்தால் அடைப்பு அவற்றுக்கு நடுவில். காலி சேம்பரிலிருந்து மூங்கில் பிளாச்சையோ ஸ்பிரிங் கம்பியையோ மேல்நோக்கிச் செலுத்துங்கள். அடைப்பு விட்டதும் தண்ணீர் சீறி வரும், ஒதுங்கி நின்று குத்துங்கள். ஆசிட் வேண்டாம். மழை கொண்டுவந்த மணலை அது கரைக்காது, அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஆழமான குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்த வேலைக்கான இயந்திரங்களின் ஆராய்ச்சிக்கு அரசு இன்னும் தாராளமாகச் செலவழிக்க வேண்டும்.

வீடு கட்டுகிறவர்கள் சேம்பர் எந்த மூலையில் வரவேண்டும் என்று வாஸ்து பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மட்டம். கொத்தனார் மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலின் ஒரு முனையை மேன்ஹோல் மூடியிலும் மறுமுனையை பாத்ரூம் தரையிலும் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தரை தாழ்வென்றால் கடைசி சேம்பரில், தண்ணீரை வெளியே மட்டும் விட்டுத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். அதன் தகடு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. தகட்டின் விளிம்பில் ஒரு முடிக்கற்றை சிக்கினாலே சரியாக மூடாது. புரட்டாசியிலேயே திறந்து கழுவி, விரலால் தள்ளிப் பாருங்கள், தகடு தானாகத் திரும்பி விழ வேண்டும்.