காண்டாக்கம்பும் கைப்பிடிப் பையும்

என் பெரியம்மா மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். தோளில் காண்டாக்கம்பு, அதன் இரு முனைகளிலும் பால் நிறைந்த வாளிகள். மரங்களுக்கு நடுவே அந்தச் சுமையோடு திரும்புவது எப்படி என்று சிறுவயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார்: "திரும்ப வேண்டிய இடம் வருவதற்கு முன்பே திரும்பத் தொடங்க வேண்டும். போதும் என்று தோன்றுவதற்கு முன்பே நிறுத்தவும் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் வாளி உன்னைத் திருப்பிவிடும்."

சைக்கிள் கைப்பிடியில் முதன்முதலாக நான்கு கிலோ பையைக் கட்டிக்கொண்டு செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் இறங்கியபோது அந்தச் சொற்கள்தான் நினைவுக்கு வந்தன. கோலகங்சார் வழியாக லெங்கோங் வரை போய், அங்கே ஓர் இரவு தங்கித் திரும்புவது திட்டம். பத்தாவது நிமிடத்திலேயே கைப்பிடி என் பேச்சைக் கேட்கத் தயங்கியது. குழியைக் கண்டு விலக நினைத்தால் சற்றுத் தாமதமாக விலகியது; விலகத் தொடங்கிய பிறகு தேவைக்கு மேல் விலகியது. பையின் எடை மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. அதே நான்கு கிலோவைப் பின் கேரியரில் பலமுறை ஏற்றிப் போயிருக்கிறேன். அப்போது இப்படி நடந்ததில்லை.

பின் கேரியரில் உள்ள சுமை சைக்கிளின் சட்டத்தோடு சேர்ந்தது. கைப்பிடியில் உள்ள சுமையோ ஒவ்வொரு முறை திருப்பும்போதும் தானும் திரும்பியாக வேண்டும். கைப்பிடி, முன் சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க், முன் சக்கரம் மூன்றும் ஒரே அச்சைச் சுற்றித் திரும்புகின்றன. சட்டத்தின் முன்பகுதியில் உள்ள குட்டையான தலைக்குழாயின் நடுவே போகும் கற்பனைக் கோடு அது. அந்தக் கோட்டிலிருந்து பை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் முழுக் கதையையும் முடிவு செய்கிறது.

ஒரு பொருளைச் சுழற்றுவதற்கு அது காட்டும் எதிர்ப்பை நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். எடை இரு மடங்கானால் இந்த எதிர்ப்பும் இரு மடங்காகும். ஆனால் அச்சிலிருந்து உள்ள தூரம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகிவிடும். தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து அது வளர்கிறது. பையின் நடுப்பகுதி அச்சிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பையை ஒரு முன்கூடையில் வைத்து 30 சென்டிமீட்டருக்குத் தள்ளினால், மூன்று கிலோ பை பன்னிரண்டு கிலோ பையைப் போல முரண்டு பிடிக்கும்.

பக்கவாட்டிலும் இதே கணக்குத்தான். கைப்பிடிப் பை பெரும்பாலும் பாய்ச்சுருள் போல நீளவாக்கில் இருக்கும். ஒரு கிலோ எடையுள்ள பூட்டையும் சங்கிலியையும் சுருளின் நடுவில் வைத்தால் அச்சிலிருந்து தூரம் 15 சென்டிமீட்டர். அதையே சுருளின் ஓரத்தில், நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளிச் செருகினால், அச்சிலிருந்து தூரம் ஏறக்குறைய 29 சென்டிமீட்டராகிறது. எதிர்ப்பு நான்கு மடங்கை நெருங்குகிறது. பெரியம்மாவின் வாளிகள் கம்பின் முனையில் தொங்கியதால்தான் அவரைத் திருப்பப் பார்த்தன. ஆகவே சுருட்டும்போது கனமானவற்றை நடுவில் வையுங்கள். துணிமணியும் போர்வையும் ஓரங்களுக்குப் போகட்டும். என்னைக் கேட்டால் அரிசி, அடுப்பு, தண்ணீர், கருவிகள் எவையும் முன்னால் வரவே கூடாது. அவற்றின் இடம் சட்டத்தின் முக்கோணத்துக்குள் தொங்கும் பை. முன்னால் மொத்தம் மூன்று கிலோ போதும்.

தாமதமாகத் திரும்புவது ஒரு தொல்லை. ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போது இன்னொரு தொல்லை வரும். திருப்பு அச்சு செங்குத்தாக நிற்பதில்லை; பெரும்பாலான சைக்கிள்களில் தரைக்கு ஏறக்குறைய 65 முதல் 73 பாகை வரை சாய்ந்திருக்கிறது. சாய்ந்த தூணில் மாட்டிய வாயிற்கதவை நினைத்துக்கொள்ளுங்கள். அதை நடுவில் நிறுத்த முடியாது. எடை இறங்கக்கூடிய பக்கமாகத் தானே ஓடிவிடும். கைப்பிடி சிறிது திரும்பியதும் அச்சுக்கு முன்னால் இருக்கும் பை மயிரிழை அளவு கீழே இறங்குகிறது. இறங்கியது மேலும் இறங்கவே பார்க்கும். வேகமாகப் போகும்போது சக்கரம் தன்னை நேராக்கிக்கொள்ளும் விசை இதை அடக்கிவிடுகிறது. நடை வேகத்தில் அந்த விசை மிகக் குறைவு. அங்கே பையின் கை ஓங்குகிறது.

முன்பக்க எடையை எதிரியாக மட்டும் பார்ப்பதும் சரியல்ல. சைக்கிள் ஆள் இல்லாமலே சிறிது தூரம் விழாமல் ஓடுவதற்குச் சக்கரத்தின் பம்பர விளைவும், டயர் தரையைத் தொடும் இடம் திருப்பு அச்சுக்குப் பின்னால் இருப்பதும்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2011இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்த இரண்டு விளைவுகளையும் நீக்கிவிட்டு ஒரு சிறிய சைக்கிளைச் செய்தார்கள். அதுவும் தானாகவே நிமிர்ந்து ஓடியது. முன்பகுதியின் எடை எங்கே அமைந்திருக்கிறது என்பதும் நிலைத்தன்மையில் பங்கு வகிக்கிறது என்று அந்தச் சோதனை காட்டியது. நாம் பை கட்டும்போது கைவைப்பது சைக்கிளின் சமநிலையிலேயே என்பதை அதைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன்.

அடுத்து கேபிள்கள். இவற்றைப் பற்றிப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. கைப்பிடிக்கு முன்னால் பிரேக் கேபிளும் கியர் கேபிளும் அகன்ற வளைவாக இறங்குகின்றன. பையை இறுக்கிக் கட்டியதும் அந்த வளைவு நசுங்கி மடிகிறது. மாட்டுக் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நுனியை விரலால் பிடித்திருந்தாலே மாடு நின்றுவிடும். கயிறு மரத்தைத் தழுவும் கோணம் கூடக் கூட உராய்வு பெருகிக்கொண்டே போகிறது. பிரேக் கம்பி உறைக்குள் வளையும்போதும் இதுவே நடக்கிறது. இரு பரப்புகள் எவ்வளவு உராய்கின்றன என்பதைச் சொல்லும் எண்ணான உராய்வுக் கெழு 0.1 என்று கொண்டால், கூடுதலாக ஒரு 90 பாகை வளைவு உங்கள் விரல் கொடுக்கும் இழுவிசையில் ஏறக்குறைய 15 விழுக்காட்டைத் தின்றுவிடும். இன்னொரு 90 பாகை சேர்ந்தால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மழையில் நனைந்த செம்மண் இறக்கத்தில் அந்த நான்கில் ஒரு பங்கு உங்களுக்குத் தேவைப்படும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்குகளில் இந்த உராய்வு இழப்பு இல்லை, ஆனால் அவற்றின் குழாயும் மடிந்து நசுங்கக் கூடாது, உராய்ந்து தேயவும் கூடாது.

இதற்காகத்தான் பைக்கும் கைப்பிடிக்கும் நடுவே நுரைக் கட்டைகளை வைக்கிறார்கள். கேபிள் வளையவும் விரல்கள் நுழையவும் இடம் கிடைக்கிறது. ஆனால் அதற்கு விலை உண்டு. ஐந்து சென்டிமீட்டர் கட்டை பையை 15இலிருந்து 20 சென்டிமீட்டருக்குத் தள்ளினால், திருப்புவதற்கான எதிர்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. கேபிள் மடியாத அளவுக்கு மட்டும் தடிமன் போதும். நான் பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டி இரண்டு சென்டிமீட்டர் கட்டைகள் செய்துகொண்டேன்.

இனிக் கட்டும் விதம். கைப்பிடியில் இரண்டு பட்டைகள் மட்டும் போட்டால் பை தூளியாகிவிடும். எடை பட்டையிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே தொங்கினால், ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி முடிக்க ஏறக்குறைய 0.78 வினாடி ஆகும். நிமிடத்துக்கு 77 ஆட்டம். சாதாரணமாக நாம் பெடல் சுற்றும் வேகமும் அதை ஒட்டியதே. தூளியைத் தாளம் தப்பாமல் ஆட்டினால் என்ன ஆகும் என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். மிதிக்கும்போது உடல் தரும் சிறு அசைவு ஒவ்வொரு சுற்றிலும் பையை மேலும் மேலும் வீசவைக்கும். மூன்றாவது பட்டை ஒன்றைப் பையின் கீழ்ப்பகுதியிலிருந்து ஃபோர்க்கின் தோள்பட்டைக்கு, அதாவது சக்கரத்துக்கு மேலே அதன் இரு கால்களும் சேரும் இடத்துக்கு, இழுத்துக் கட்டினால் ஆட்டம் நின்றுவிடும். தலைக்குழாயைவிடத் தோள்பட்டையே நல்லது என்பது என் அனுபவம். அது கைப்பிடியோடு சேர்ந்து திரும்புகிறது. தலைக்குழாய் திரும்பாது, பட்டை அதைச் சுற்றித் தேய்ந்து வண்ணத்தைச் சுரண்டும். வேறு வழி இல்லையென்றால் அங்கே ஒரு பாதுகாப்பு ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டுக் கட்டுங்கள்.

பட்டையின் பொருளையும் கவனியுங்கள். நைலான் நீரை உறிஞ்சினால் நீளும். இங்கே பிற்பகல் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. காலையில் இறுக்கிய நைலான் பட்டை மாலைக்குள் தளர்ந்திருக்கும். பாலியெஸ்டர் பட்டை அவ்வளவு நீளாது. எங்கள் பெரியவர்கள் கேரியரில் விறகும் பால் டின்னும் கட்டப் பழைய டியூபைக் கீறி எடுத்த நாடாக்களைப் பயன்படுத்தினார்கள். இழுத்துக் கட்டிய ரப்பர், சுமை சற்றுப் படிந்து சுருங்கினாலும் தானும் சுருங்கி இறுக்கத்தைக் காக்கிறது. நைலானுக்கு அந்தக் குணம் மிகக் குறைவு. பட்டைகளுக்கு மேல் ஒரு டியூப் நாடாவையும் சுற்றிக்கொள்வது இன்றும் என் வழக்கம். இன்றைய டியூப்கள் பெரும்பாலும் பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர். கோலகங்சாரில் 1877இல் நட்ட கன்றுகளிலிருந்து நம் பக்கத்து ரப்பர் வரலாறு தொடங்கியது என்றாலும், டியூப் நாடாவில் நம் மரத்துப் பால் இருப்பது அரிது என்பதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

உயிருக்கே ஆபத்தானது ஒன்றே ஒன்று: பை டயரைத் தொடுவது. சக்கரம் பையை உள்ளே இழுத்தால் முன் சக்கரம் அந்த நொடியே நின்றுவிடும். ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி வீசப்படுவார். அதிர்வு தாங்கும் ஃபோர்க் இருந்தால் நின்ற நிலையில் தெரியும் இடைவெளியை நம்பாதீர்கள். 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க்கில் பெரிய குழியில் விழும்போது சக்கரம் அவ்வளவும் மேலே ஏறிவரும். காற்றழுத்த ஃபோர்க் என்றால் காற்றை இறக்கி, முழுவதும் அமுக்கி, அப்போதும் பைக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பிறகு மறவாமல் காற்றை நிரப்புங்கள்.

புறப்படும் முன் முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் போடுங்கள். பை குதித்தால் மூன்றாவது பட்டை தளர்ந்திருக்கிறது. கைப்பிடியை வலக்கோடி வரையிலும் இடக்கோடி வரையிலும் திருப்புங்கள். திருப்பும்போது பின் பிரேக் தானாக இறுகினாலோ கியர் தானாக மாறினாலோ கேபிள் எங்கோ பைக்கு அடியில் சிக்கியிருக்கிறது என்று பொருள். அவிழ்த்து, கேபிளைப் பைக்கு மேலாக எடுத்துவிட்டு, மறுபடியும் கட்டுங்கள்.