ஜூன் மாதம் குமரியில் சூரியன் எங்கே விழும்?

நாகர்கோவிலில் கேமராவை வைத்துப் பிழைக்கிறவன் நான். கல்யாணமும் சடங்கும் வயிற்றுப்பாட்டுக்கு; மலையும் வயலும் கடலும் ஆசைக்கு. ஆசைக்கென்று தொடங்கியதிலும் இப்போது வகுப்பு, வழிகாட்டல் என்று கொஞ்சம் வருமானம் வருகிறது. படம் எடுக்க வருகிறவர்களும் சரி, எடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களும் சரி, பெரும்பாலும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடுதான் வருகிறார்கள். "அண்ணா, இதே மாதிரி வேணும்." படத்தில் சூரியன் நேராகக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கேட்கிற மாதம் ஜூனாக இருக்கும்.

ஜூனில் கன்னியாகுமரி ஊரில் நின்றால் சூரியன் கடலில் விழாது. குமரிமுனையிலிருந்து நம் கரை நேர் மேற்கே போவதில்லை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று போகப் போக வடக்கே ஏறிக்கொண்டே போகிறது. டிசம்பரில் சூரியன் மேற்கிலிருந்து தெற்குப் பக்கமாக ஏறக்குறைய 24 டிகிரி விலகி மறையும். அப்போது எதிரே வெறும் கடல். ஜூனில் அதே அளவு வடக்குப் பக்கமாக விலகி மறையும். அங்கே இருப்பது கரையும் தென்னந்தோப்பும். கடலில் அஸ்தமனம் வேண்டுமென்றால் அக்டோபர் முதல் மார்ச் வரைதான் நம்பலாம். நம் சுற்றுலாப் பக்கங்கள் பலவற்றில் இதைச் சொல்வதே இல்லை. தொலைவிலிருந்து வருகிறவர்கள் மே மாத விடுமுறையில் வந்து, மணிக்கணக்காக நின்று, மேகத்தைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். பாவம், மேகம் என்ன செய்யும்.

உதயத்துக்கும் இதே கணக்குதான். ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில் சூரியன் உதிக்கும் புள்ளி சுமார் 47 டிகிரி நகர்ந்துவிடுகிறது. 133 அடி வள்ளுவர் சிலைக்குப் பின்னால் சூரியன் வரவேண்டுமென்றால், ஒருவர் ஜனவரியில் நின்ற இடத்தில் நீங்கள் ஜூனில் நின்று பயனில்லை. போட்டோபில்ஸ் போன்ற செயலியில் தேதியைப் போட்டால் எங்கே நிற்க வேண்டும் என்று முந்தின நாளே தெரிந்துவிடும். வள்ளுவர் பாறையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து காட்சியே மாறிவிட்டது. அதற்கு முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இனி யாருக்கும் கிடைக்காது.

இன்னொரு விஷயம். வெளிநாட்டு யூடியூப் பாடங்களில் 'கோல்டன் ஹவர்' என்று ஒரு மணி நேரக் கணக்குச் சொல்வார்கள். அவர்கள் ஊரில் சூரியன் சாய்வாக, மெதுவாக ஏறும். நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மேலே போகிறது. அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி உயர 25 நிமிடம் போதும். அந்த மஞ்சள் வெளிச்சம் நமக்கு அவ்வளவுதான். ஏழு மணிக்குச் சாவகாசமாக வந்து இறங்கினால் கிடைப்பது வெள்ளை வெயில். மாலையில் சூரியன் போனபின் இருட்டும் அதே வேகத்தில் வரும். ஆகவே ஸ்டாண்டைப் போட்டு, ஃபிரேம் பார்த்து, ஃபோகஸ் வைத்து எல்லாம் முடித்துவிட்டு வெளிச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

இந்த மாவட்டம் சிறியதுதான், ஆனால் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே இங்கே மழை தருகின்றன. ஒரே இடம் ஆண்டுக்குள் பல முகம் காட்டும். அடுத்தவர் எடுத்த படத்தைத் தேடி அலைவதைவிட, இந்த மாதம் இந்த இடம் எதைத் தருகிறது என்று தெரிந்துகொண்டு போனால் படம் தானாக அமையும்.

நாஞ்சில்நாட்டு வயலையே எடுத்துக்கொள்வோம். இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு நெல் சாகுபடி. வழக்கமாக ஜூனில் அணைத் தண்ணீரைத் திறப்பார்கள். கன்னிப்பூவுக்கு வயலில் தண்ணீர் நிற்கும். ஆனால் அப்போது ஆனி ஆடிக் காற்று, தண்ணீர் அசைந்துகொண்டே இருக்கும், மலையின் நிழல் விழாது. ஐப்பசி வாக்கில் கும்பப்பூ நடவுக்காகத் தண்ணீர் கட்டும்போது பாருங்கள். விடியற்காலையில் காற்று இருக்காது, முந்தின நாள் மழையில் தூசு கழுவிப்போயிருக்கும், பூதப்பாண்டிப் பக்கம் வயலில் தாடகை மலை தலைகீழாகப் படுத்துக் கிடக்கும். நாற்று நட்டு வளர்ந்துவிட்டால் அதுவும் இல்லை. அந்தச் சில நாட்கள் எப்போது என்று எந்தச் செயலியும் சொல்லாது. வயல்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்கப் போகும்போது இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இறங்கலாமா என்று. அவுட்டோர் ஷூட் என்ற பெயரில் ஈர வரப்பில் பத்துப் பேர் ஏறி நின்றால் வரப்பு உடைந்து தண்ணீர் போய்விடும். "மக்களே, நாத்துல மிதிக்காத" என்று பெரியவர் ஒருவர் தூரத்திலிருந்து கத்திக்கொண்டே வருவதை, வீடியோவில் பின்னணிச் சத்தம் என்று நினைத்து எடிட்டிங்கில் வெட்டிவிடுகிறோம். சம்பிரதாயமாக ஒரு வார்த்தை கேட்டால் அவரே நல்ல வரப்பைக் காட்டிவிடுவார்.

தேரூர், சுசீந்திரம் குளங்களும் அப்படித்தான். இந்த ஈரநில வளாகம் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து சேரும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் இருக்கும் குளத்தின் கரையில் கலர் புகைக் குச்சியைக் கொளுத்திப் படம் எடுக்கிறார்கள். பறவைக் கூட்டம் எழும்பிப் பறப்பது 'ஷாட்' என்று கைதட்டி எழுப்புகிறவர்களும் உண்டு. தொலைதூரம் பறந்து வந்து இரை தேடுகிற பறவைக்கு ஒவ்வொரு முறை எழும்புவதும் உடம்பில் சேர்த்த கொழுப்புச் செலவு. கரையில் உட்கார்ந்திருங்கள். சாயங்காலம் அதுவே எழும்பும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் டிசம்பர், ஜனவரியில் இலை சிவந்து உதிரும், அதன்பின் செம்பு நிறத்தில் தளிர் விடும். நம் ஊரில் இலையுதிர்காலம் என்று ஒன்று இருக்கிறதென்றால் இதுதான். ஆனால் அதற்காக யாரும் ஸ்கிரீன்ஷாட் கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. ஆரல்வாய்மொழிக்கு மே முதல் செப்டம்பர் வரை போக வேண்டும். கணவாய்க்குள் காற்று நெருக்கிக்கொண்டு பாயும். மேகம் மலை தாண்டி வழிந்து கிழக்குப் பக்கம் வந்ததும் கரைந்துபோகும். காற்றாலை இறக்கை உறைந்து நிற்காமல் சுழல்வதுபோலத் தெரிய ஷட்டரை 1/8, 1/15 வினாடிக்கு இறக்குங்கள். கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள், ஸ்டாண்டின் நடுவில் பையைத் தொங்கவிடுங்கள். இல்லையென்றால் காற்று எல்லாவற்றையும் ஆட்டிவிடும்.

இனி கடல். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

முட்டத்துப் பாறைகள்மேல் நின்று அலை சிதறுவதை எடுக்க எல்லோருக்கும் ஆசை. "இப்போ வேலியிறக்கம்தானே அண்ணா" என்று, கடல் வற்றியிருக்கும் நேரத்தைச் சொல்லி, வகுப்பில் கேட்பார்கள். நம் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆபத்து அலையில் இருக்கிறது. தெற்கே, பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கிற புயல் எழுப்பும் அலைகள் நாட்கணக்கில் ஓடிவந்து நம் கரையில் எழும்பும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் நீலமாக இருக்கும். கள்ளக்கடல் என்று நம் கடற்கரைக்காரர்கள் சொல்வது இதைத்தான். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். பள்ளி, கல்லூரி விடுமுறையும் அப்போதுதான்.

2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருந்த நாட்கள் அவை. நீச்சல் தெரியுமா தெரியாதா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இப்படிப்பட்ட அலைகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீளம். அதோடு கூட்டம் கூட்டமாக வரும். ஐந்து நிமிடம் சாதுவாக இருந்துவிட்டு, மூன்று நான்கு பெரிய அலை சேர்ந்தாற்போல வந்து பாறையைக் கழுவிவிட்டுப் போகும். ஆகவே கரைக்கு வந்ததும் கேமராவை எடுக்காதீர்கள். கால் மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். எந்தப் பாறை நனைந்து கருத்துப் பளபளக்கிறதோ, எதில் பச்சைப் பாசி இருக்கிறதோ, அங்கெல்லாம் அலை வந்துபோகிறது என்று பொருள். அதற்கு மேலே, காய்ந்த பாறையில்தான் நிற்க வேண்டும். கடலுக்கு முதுகு காட்டி வியூஃபைண்டர் பார்க்கிற வேலையே வேண்டாம். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதையும் தாண்டி எனக்கு ஒரு அளவுகோல் உண்டு: வள்ளங்களைக் கரைமேல் உயர இழுத்து வைத்திருந்தால் அன்று பாறைப் பக்கம் போவதில்லை. வலை சரிசெய்துகொண்டிருக்கிற ஒருவரிடம் கேட்டால் கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

அலை சிதறலைத் தூரத்திலிருந்து, 200 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் இன்னும் பிரம்மாண்டமாகத் தெரியும். தொலைவு நெருங்கிவந்து அலை பாறைமேல் மலைபோல எழும். பக்கத்தில் போய் வைட் லென்ஸில் எடுத்தால் அதே அலை சிறுத்துப்போகும். ஆபத்தான இடத்தில் நின்று மோசமான படம் எடுப்பதை என்னவென்று சொல்ல.

மணவாளக்குறிச்சிப் பக்கம் மணலைக் குனிந்து பாருங்கள். இல்மனைட் கறுப்பு, கார்னெட் சிவப்பு. கன தாதுக்கள் என்பதால் அலை வெள்ளை மணலை அள்ளிக்கொண்டு இவற்றை வரிவரியாக விட்டுப்போகும். மாலைச் சாய்வெயிலில் அந்த வரிகளை மட்டும் நிரப்பி எடுத்தால் மலைத்தொடரை வானத்திலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். முழங்கால் நனையாமல் எடுக்கலாம்.

அருவிகளுக்கு மூட்டமான நாள் நல்லது; வெயிலில் நுரை வெளுத்து விவரம் போய்விடும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைப் போட்டு அரை வினாடி வைத்தால் போதும், பாறையின் ஈரப் பளபளப்பும் அடங்கும். திற்பரப்பில் குளிக்கிறவர்கள் ஃபிரேமில் வரக்கூடாது. கூட்டம் வருமுன் போங்கள். காளிகேசம் மாதிரி மலையாறுகளில் மேலே பெய்கிற மழை கீழே தெரியாது. தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து மிதந்து வந்தாலோ ஸ்டாண்டை விட்டுவிட்டாவது கரையேறுங்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தை எல்லோரும் மேலிருந்து எடுக்கிறார்கள். படியிறங்கிப் பரளியாற்றங்கரைக்குப் போய், தூணருகே ஒரு ஆளை நிற்கவைத்து எடுத்தால்தான் அந்த 115 அடி உயரம் புரியும்.

டிரோன் பற்றித் தினமும் கேட்கிறார்கள். 250 கிராமுக்குக் குறைவானதற்குப் பைலட் உரிமம் வேண்டாம், உண்மைதான்; ஆனால் பறக்கத் தடையுள்ள சிவப்பு மண்டலத்தில் அதையும் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ மையம். எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் எழுப்பாதீர்கள். சிதறால், வட்டக்கோட்டை போலத் தொல்லியல் துறைக்குக் கீழ் உள்ள இடங்களில் ஸ்டாண்ட் வைக்கவே அனுமதி கேட்பார்கள்.

எடிட்டிங்கில் வானத்தை மாற்றுவது இப்போது ஒரு தட்டு வேலை. ஜூன் மாதக் குமரியில் கடலுக்குள் சூரியனை இறக்கிவைத்த படங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆளின் நிழல் ஒரு பக்கம், சூரியன் இன்னொரு பக்கம். வெளியூர்க்காரர் ரசிப்பார், கடற்கரைக்காரர் சிரிப்பார். முட்டத்துச் செம்மண் ஏற்கெனவே சிவப்புதான். சாச்சுரேஷனை ஏற்றினால் அது மண்ணாகவே தெரியாது. மின்கம்பி, கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவு, புதுக் கட்டடம் எல்லாவற்றையும் துடைத்தெடுக்கும் பழக்கமும் வேண்டாம் என்பேன். 2004 சுனாமியில் மணக்குடிப் பாலம் போனது. கரை எங்கே இருந்தது, குளம் எவ்வளவு பரந்திருந்தது என்று பின்னாளில் யாராவது தேடினால் நம் சாதாரணப் படங்கள்தான் கிடைக்கும். அழகுக்காக ஒரு பிரதி திருத்திக்கொள்ளுங்கள். மூலக் கோப்பைத் தேதி, இடத்தோடு அப்படியே வைத்திருங்கள்.

அப்புறம் லென்ஸ். கடற்கரையிலிருந்து வந்ததும் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புத் துகள் கோடு போட்டுவிடும். முதலில் ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், அதன்பின் துடையுங்கள். நம் ஈரப்பதத்தில் தோல் பைக்குள் மூடிவைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்காது. டிரை பாக்ஸ் வாங்க வசதியில்லையென்றால் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறினால் வறுத்து உலர்த்தித் திரும்பப் போடலாம்.