அரபிக்கடலின் நைட்ரஜன் கணக்கு

மார்ச், ஏப்ரலில் காற்று அடங்கிக் கிடக்கும்போது, கோவா, மங்களூர் கரைகளுக்கு அப்பால் கடலின் மேல் மரத்தூளைக் கொட்டியதுபோல் பழுப்புப் பட்டைகள் மிதப்பதுண்டு. அந்தக் கால மாலுமிகள் இதைக் 'கடல் மரத்தூள்' என்றே அழைத்தார்கள். உண்மையில் அது டிரைக்கோடெஸ்மியம் என்ற, நூல் நூலாக வளரும் பாக்டீரியா.

அந்தப் பருவத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மேல்நீரில், பாசிகள் உண்ணக்கூடிய நைட்ரஜன் சேர்மமான நைட்ரேட் தீர்ந்துபோயிருக்கும். அவை சோர்ந்துவிடும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான், கடல்நீரிலும் அது கரைந்திருக்கிறது. இருந்து என்ன பயன்? அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன. உரத் தொழிற்சாலையில் அதை உடைக்க 400 டிகிரியை ஒட்டிய வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். டிரைக்கோடெஸ்மியம் அதே வேலையை வெதுவெதுப்பான கடல்நீரிலேயே, நைட்ரஜனேஸ் என்ற நொதியைக் கொண்டு முடித்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். ஆனால் இந்தப் பாக்டீரியாவோ ஒளிச்சேர்க்கை செய்து, ஆக்சிஜனைத் தானே உண்டாக்குகிறது! இதன் உறவினர்கள் பலர் நைட்ரஜன் வேலைக்கென்று தடித்த சுவருள்ள தனிச் செல்களைக் கட்டிக்கொள்கிறார்கள். சிலர் இரவுக்குத் தள்ளிப்போடுகிறார்கள். இது இரண்டும் செய்வதில்லை. நண்பகலில் ஒளிச்சேர்க்கையைத் தணித்து, அந்த நேரத்தில் காரியத்தை முடித்துக்கொள்கிறது. நொதிக்கு இரும்பும் வேண்டும். அரேபியப் பாலைவனப் புழுதி அதைக் கொண்டுவந்து போடுகிறது.

சரி, வரவு இது. செலவு இதே கடலின் அடியில் நடக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது சோமாலியா, ஓமன் கரைகளில் ஆழத்து நீர் மேலே வந்து பாசிகள் மண்டுகின்றன. அவை செத்து மூழ்க, அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைக் காலி செய்கின்றன. வடக்கே நிலம் அடைத்திருப்பதால் புது நீர் எளிதில் வந்து சேர்வதில்லை. ஏறத்தாழ 150 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை ஆக்சிஜன் அநேகமாக இல்லை. அங்குள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டைச் 'சுவாசித்து', படிப்படியாக நைட்ரஜன் வாயுவாக்கிவிடுகின்றன. நடுவில் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு கசிகிறது. புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு வல்லது.

இந்த ஆழத்துப் பாக்டீரியாக்கள், பாசிகளுக்கு வேண்டிய இன்னொரு சத்தான பாஸ்பேட்டைத் தொடுவதில்லை. அதனால் அந்த நீர் மறுபடி மேலேறும்போது பாஸ்பேட் அப்படியே இருக்கும், நைட்ரேட் மட்டும் குறைந்திருக்கும். பாசிகள் நைட்ரேட்டைத் தின்று தீர்த்தபின் மிஞ்சுகிற பாஸ்பேட்தான், அடுத்த மார்ச்சில் டிரைக்கோடெஸ்மியத்துக்குத் தீனி.