24 கிராம் தோட்டாவில் ஓடுமா? கிளே சுடுதலுக்கு செமி ஆட்டோ ஷாட்கன்

கிளே என்று பெயர் இருந்தாலும் அதில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் பொடியைப் பிட்ச் என்னும் தார் போன்ற பொருளோடு சூடாக்கி அச்சில் அழுத்திய தட்டு அது. விட்டம் 110 மில்லிமீட்டர், எடை சுமார் 105 கிராம். எந்திரம் வீசியெறியும் அந்தத் தட்டைப் பறக்கும்போதே ஈய ரவையால் உடைக்க வேண்டும். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய டிராப் இதில் ஒரு வகை, அதில் தட்டு சுடுபவரை விட்டு விலகிப் பறக்கும். ஸ்கீட் இன்னொன்று, அதில் தட்டு இரு பக்கங்களிலிருந்து குறுக்கே பறக்கும்.

மதுரைப் பக்கம் இதில் இறங்க நினைப்பவர் "எந்தக் கம்பெனி துப்பாக்கி நல்லது?" என்றுதான் முதலில் கேட்பார். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நான் எந்தத் தோட்டாவைச் சுடப் போகிறேன்?"

இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு இந்தக் கவலை இல்லை. தோட்டா மெலிதோ வலுவோ, திறப்பதும் மூடுவதும் நம் கை. செமி ஆட்டோ என்பது ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. அதில் அந்த வேலை முழுவதையும் தோட்டாவே செய்தாக வேண்டும். தோட்டாவின் பின்பக்கத்தை மூடிப் பூட்டும் உலோகத் துண்டான போல்ட்டைப் பின்னால் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, சுத்தியலை ஏற்றி, ஸ்பிரிங்கை அழுத்தி, அடுத்த தோட்டாவைத் தூக்கிவிட வேண்டும். சர்வதேச விதிப்படி டிராப், ஸ்கீட் தோட்டாவில் ரவை 24 கிராம். பொழுதுபோக்காகச் சுடுபவர்கள் 28 கிராமும் பயன்படுத்துவார்கள். வாத்து வேட்டைக்கென்று செய்த மேக்னம் துப்பாக்கிகளோ 32, 36 கிராமுக்கும் அதற்கு மேலும் தயாரானவை. அதில் 24 கிராமைப் போட்டால் போல்ட் பாதி வழியில் நின்றுவிடலாம்.

தோட்டாவின் பலத்தை வாங்கிக்கொள்ள இன்று இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. முதலாவது வாயு. பேரலின் அடிப்பக்கம் ஒன்றோ இரண்டோ சிறு துளைகள் இருக்கும். ரவை அந்த இடத்தைத் தாண்டியதும், பின்னால் வரும் சூடான வாயுவில் கொஞ்சம் துளை வழியாக இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போல்ட்டைத் தள்ளும். புதிய மாடல்களில் குக்கர் வெயிட் போல ஒரு வால்வு இருக்கிறது. கனமான தோட்டாவில் மிஞ்சும் வாயுவை அது வெளியே விட்டுவிடும். மெல்லிய தோட்டாவில் மூடியே இருந்து, வருவதை எல்லாம் பிஸ்டனுக்குக் கொடுக்கும்.

இரண்டாவது நிலைமம். இத்தாலியரான புரூனோ சிவோலானியின் வடிவமைப்பைக் கொண்டு பெனெல்லி என்ற துப்பாக்கி நிறுவனம் பிரபலமாக்கியது. மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் திடீரென்று கிளம்பினால், கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் பின்னால் சாய்வார் அல்லவா? பஸ் நகர்ந்தது, ஆள் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்த்தார். துப்பாக்கி தோளை நோக்கி உதைக்கும்போது, கனமான போல்ட் உடலும் அப்படித்தான் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கிறது. அதற்கும் போல்ட் தலைக்கும் நடுவில் இருக்கும் தடித்த ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் அமுங்குகிறது. ரவை வெளியேறிய பிறகு அந்த ஸ்பிரிங் விரிந்து போல்ட்டைப் பின்னால் வீசுகிறது. உள்ளே வாயுவே வராததால் கரி சேர்வது குறைவு. ஆனால் துப்பாக்கி தாராளமாகப் பின்னால் நகர்ந்தால்தான் இது வேலை செய்யும். 24 கிராமின் உதை சில துப்பாக்கிகளுக்குப் போதாது. புதிதில் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும்போது இன்னும் சிரமம்.

உதைக்குக் கணக்கே போட்டுவிடலாம். 24 கிராம் ரவை வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போகிறது. அதோடு போகும் அடைப்பானையும் (ரவைக்கும் வெடிமருந்துக்கும் நடுவில் இருப்பது) வெடிமருந்து வாயுவையும் சேர்த்தால், 3.4 கிலோ துப்பாக்கி வினாடிக்குச் சுமார் 3.5 மீட்டர் வேகத்தில் பின்னால் வர வேண்டும். இந்த மொத்தத்தை எந்த மெக்கானிசமும் அழித்துவிடாது. வாயு வகை அதைக் கொஞ்சம் நீண்ட நேரத்துக்குப் பரப்பிவிடுகிறது. ஒரே குத்தாக வருவது ஒரு தள்ளலாக மாறுகிறது. ஒரு நாளில் 100 தோட்டா சுடும் தோளுக்கு இது பெரிய வித்தியாசம். எங்கள் கருத்து இதுதான்: 24 கிராமையே தினமும் சுடப் போகிறவருக்கு வாயு வகை பொருந்தும். ஒலிம்பிக் டிராப்தான் இலக்கு என்றால் ஓவர்-அண்டர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல் வைத்த இரட்டைக்குழல் பக்கம் போவதே சரி. இரண்டு பேரலுக்கு இரண்டு வெவ்வேறு சோக் (ரவை எவ்வளவு விரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் குழல்முனைக் குறுக்கம்) கிடைக்கும்.

பேரல் நீளம் 28 அல்லது 30 அங்குலம். காரணம் இருக்கிறது. 30 மீட்டர் தள்ளி, வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரவை போய்ச்சேர ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடி. அதற்குள் தட்டு 2 மீட்டர் நகர்ந்திருக்கும். ஆக, தட்டுக்கு 2 மீட்டர் முன்னால் சுட வேண்டும், சுட்ட பிறகும் வீச்சை நிறுத்தக் கூடாது. முன்பக்கம் கொஞ்சம் கனம் இருந்தால்தான் அந்த வீச்சு தடுமாறாமல் ஓடும். சோக் விஷயம் எளிது: ஸ்கீட்டுக்கு ஸ்கீட் சோக், டிராப்புக்கு மாடிஃபைடு என்னும் நடுத்தரக் குறுக்கம் அல்லது அதைவிட இறுக்கமானது.

தோளில் பொருந்துவதை மட்டும் அவசரப்பட்டு முடிக்காதீர்கள். காலியான துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு ஏற்றுங்கள், கன்னத்தைக் கட்டையில் பதியுங்கள், கண்ணைத் திறங்கள். பேரலின் மேல்பட்டை நேராகத் தெரிய வேண்டும். பின்பக்க உலோகம் கண்ணை மறைத்தால் கட்டை தாழ்வு. பல செமி ஆட்டோக்களோடு மெல்லிய தகடுகள் வரும். கட்டைக்கும் உடலுக்கும் நடுவில் அவற்றை மாற்றி உயரத்தைச் சரிசெய்யலாம். இடது கைக்காரர் இடது கை மாடலையே கேட்க வேண்டும். இல்லையென்றால் காலிக் கூடு ஒவ்வொரு முறையும் முகத்துக்கு முன்னால் பறக்கும்.

இனி மதுரை. ஆடிக் காற்றில் ஒத்தக்கடை, மேலூர்ப் பக்கம் பறக்கும் தூசி, எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். எண்ணெய் ஒரு துளி போதும், அதுவும் போல்ட்டின் தடத்தில் மட்டும். பிஸ்டனை ஏறக்குறைய உலர்ந்தே விடுங்கள். அதில் படியும் கரியையும் துளைகளையும் சில நூறு தோட்டாவுக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 போன்றவற்றில் வாயுவை அடைக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது விரிசல் விட்டால் போல்ட் முழுத்தூரம் போகாது. கைவசம் இரண்டு வளையம் இருக்கட்டும். நிலைம வகையில் வேறொரு கோளாறு வரும். போல்ட்டை மெதுவாக மூடினால் அதன் தலை முழுதாகத் திரும்பிப் பூட்டாமல் நின்றுவிடும். விசையை அழுத்தினால் 'கிளிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். எப்போதும் முழுதாக இழுத்து, தானாக அடித்து மூட விடுங்கள். சித்திரை வெயிலில் கார் டிக்கியில் தோட்டாவை வைக்காதீர்கள், உள்ளழுத்தம் கூடும். தட்டுப் பெட்டியும் நிழலில்தான் இருக்க வேண்டும். பிட்ச் இளகினால் ரவை பட்டும் தட்டு உடையாது.

மடித்த ஓவர்-அண்டர் காலியா என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். செமி ஆட்டோவில் தெரியாது. ஆகவே களத்தில் போல்ட் பின்னால் திறந்தே இருக்க வேண்டும், தோட்டா அமரும் அறையான சேம்பரில் வண்ணக்கொடி செருகியிருக்க வேண்டும். போட்டி விதிப்படி மேகஸினில் ஒரு தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பும் தேவை.

உரிமம் 1959 ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகளின்படி. விதிகளின் அட்டவணை செமி ஆட்டோவைச் சாதாரண இரட்டைக்குழலோடு வைக்கவில்லை, கடுமையான தனிப்பிரிவில் வைத்திருக்கிறது. உங்கள் உரிமத்தில் அந்த வகைக்கு இடம் உண்டா என்று உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

அதற்கும் பிறகு, கடைசிப் பணத்துக்கு முன் ஒரு சோதனை. உரிமத்தோடு, அனுமதி பெற்ற சுடுகளத்தில், நீங்கள் வழக்கமாகச் சுடப் போகும் அதே 24 கிராம் தோட்டாவில் இரண்டு பெட்டி, அதாவது 50. இரண்டிரண்டாகப் போட்டுச் சுடுங்கள். காலிக் கூடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுகின்றனவா பாருங்கள். சில காலடியிலேயே விழுந்தால் பலம் பற்றவில்லை. ஒரு கூடு வெளியேறும் ஜன்னலில் செங்குத்தாக நின்று மாட்டினால் பிஸ்டனையும் துளைகளையும் துடைத்துவிட்டு மறுபடி ஒரு பெட்டி சுடுங்கள். திரும்பவும் மாட்டினால் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.