எத்தனை கேஜ் தம்பி?

ஹார்டுவேர் கடையில் போய், "தகரம் வெட்ட ஒரு கத்தரி கொடுங்கண்ணே" என்றேன். கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. "எத்தனை கேஜ் தம்பி?" என்றார். மொட்டை மாடி மழைத்தண்ணீர் வடிய ஜிஐ ஷீட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில், ஒரு வாய்க்கால் செய்ய வேண்டும்; எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஷீட்டில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "இருபத்தாறு" என்றார். அதாவது 0.46 மில்லிமீட்டர்.

கேஜ் என்பது தகட்டின் தடிமனைச் சொல்லும் எண்; ஆனால் தலைகீழ்க் கணக்கு. எண் ஏற ஏறத் தகடு மெலியும். 20 கேஜ் 0.91 மி.மீ., 18 கேஜ் 1.22, 16 கேஜ் 1.63. இந்த எண்ணைக் கேட்காமல் யாராவது கத்தரியை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் பார்ப்போம்.

கத்தி கத்தரிக்காயைப் பிளப்பதுபோல் கத்தரி தகட்டைப் பிளப்பதில்லை. மேல் அலகு கீழ்நோக்கியும் கீழ் அலகு மேல்நோக்கியும் தள்ள, நடுவில் மாட்டிய உலோகம் முதலில் கொஞ்சம் நசுங்கி வழுகுகிறது. அப்புறம் இரண்டு பக்கமும் விரிசல் விட்டு, விரிசல்கள் நடுவில் சந்தித்து, கிழிகிறது. வெட்டிய தகட்டின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேலே பளபளவென்று ஒரு கோடு; அது வழுகிய இடம். கீழே சொரசொரப்பு, அது கிழிந்த இடம். அடியில் கையைக் கீறுகிற பிசிறு. கத்தரியின் நடு ஆணி லொடலொடத்தால் அலகுகளுக்கு நடுவே இடைவெளி விழும். தகடு வெட்டுப்படாமல் அதற்குள் மடிந்து சிக்கிக்கொள்ளும். அலகு மழுங்கிவிட்டது என்று நாம் திட்டுகிற பாதி நேரம், குற்றவாளி அந்த ஆணிதான்.

இப்போது கணக்கு. சாதாரண இரும்புத் தகட்டில் ஒரு சதுர மில்லிமீட்டரை வெட்ட ஏறக்குறைய 35 கிலோ எடையின் அழுத்தம் வேண்டும். 1 மி.மீ. தகட்டில் ஓர் அடி நீளத்தை ஒரே நேரத்தில் வெட்டப் பார்த்தால் பத்து டன்னுக்கு மேல் போய்விடும். கத்தரி அதை எப்படிச் சமாளிக்கிறது? அலகுகள் சாய்வாக இருப்பதால், எந்த நொடியிலும் வெட்டுப்படுவது ஒரு குட்டி முக்கோணம் மட்டும்தான். அதன் உயரம் தகட்டின் தடிமன்; தடிமன் கூடினால் அதன் நீளமும் கூடவே நீளும். அதனால் விசை தடிமனின் வர்க்கமாக ஏறுகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

அலகு 20 டிகிரி திறந்திருப்பதாக வைத்துக்கொண்டால், என் 26 கேஜ் தகட்டுக்கு வெட்டும் இடத்தில் சுமார் 10 கிலோ போதும். 1 மி.மீ. தகட்டுக்கு 48 கிலோ. 16 கேஜுக்கு 130. கைப்பிடி நீளமாக இருப்பதால் கைக்கு வருவது இதில் ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டாலும், 26 கிலோவை எத்தனை முறை பிடித்து அமுக்க முடியும்? பத்தாவது அமுக்கில் கை விட்டுப்போகும். தகட்டை ஆணிக்குப் பக்கமாக, வாயின் ஆழத்தில் கொடுத்து வெட்டுவது இதனால்தான்.

சில நூறு ரூபாய் சாதாரணக் கத்தரி 24, 26 கேஜுக்குத் தாராளம். அதைவிடத் தடித்த தகட்டுக்கு, 18 கேஜ் வரை, ஏவியேஷன் கத்தரி. விமானத் தகடு வெட்ட வந்த கருவி என்பதால் அந்தப் பெயர். இரட்டை நெம்புகோல் இருப்பதால் கை வலிக்காது. பிடி மஞ்சளாக இருந்தால் நேர் வெட்டு, சிவப்பு இடப்பக்க வளைவு, பச்சை வலப்பக்க வளைவு. ஒன்றுதான் வாங்க முடியும், வேலையும் நேர்கோட்டு வேலை என்றால் மஞ்சள். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. நசுங்க நசுங்க இறுகும் உலோகம் அது. 22 கேஜோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தக் கத்தரியானாலும் வாயை முழுக்க மூடாமல் முக்கால்வாசி மூடித் திறந்து நகர்த்தினால் ஓரத்தில் பல் பல்லாக வராது.

"கையிலதான் ஏஜி4 இருக்கே" என்று கிரைண்டரை எடுப்பவர்கள் உண்டு. நானும் எடுத்தேன். நாலு இஞ்ச் வட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுகிறது. வெட்டு வெண்ணெய் மாதிரி இறங்கியது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் வெட்டிய ஓரமெல்லாம் பழுப்புக் கோடு. ஜிஐ ஷீட்டைக் காப்பது மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு. அது 420 டிகிரியிலேயே உருகிவிடும். கிரைண்டர் சூட்டில் ஓரத்துப் பூச்சு கருகிப்போகிறது. தெறித்த பொறிகள் ஷீட்டின் மேல் ஒட்டி, அவையும் துருப் புள்ளிகளாகின்றன. கருகும் துத்தநாகத்தின் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சலே வரும். கத்தரி வெட்டில் சூடு இல்லை. வெட்டுவாயில் இரும்பு தெரிந்தாலும், பக்கத்துத் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு அதைக் காப்பாற்றும்.

ஆக்சா பிளேடில் முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குறைந்தது மூன்று பல்லாவது தகட்டின் மேல் படிந்திருக்க வேண்டும். இஞ்சுக்கு 32 பல் உள்ள பிளேடிலும் பல்லுக்குப் பல் 0.8 மி.மீ. இருக்கிறது. மெல்லிய தகடு இரண்டு பல்லுக்கு நடுவில் விழுந்தால் பல் உடையும். இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவில் தகட்டை வைத்துக் கட்டி, மரத்தோடு சேர்த்து அறுத்தால் பிரச்சினை தீர்ந்தது.

16 கேஜா? கருவி எதுவும் வாங்க வேண்டாம். கோடு போட்டு எடுத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போங்கள். அங்கே ஷியரிங் மெஷின் ஒரே மிதியில் வெட்டிக் கொடுக்கும். கூலி கொடுத்துவிட்டுக் கிளம்புமுன் அதன் மேல் பிளேடைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்; அதுவும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.